பெட்டிக்கு ஒரே சாவி: ஒரு கிளைச் சபை செயலாளருக்கு வக்கீல் எழுதும் பதில்

டெல்டா பக்கம் ஒரு கிராமத்துல இருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் எழுதியிருக்காங்க. ஊர் பேர், ஆட்கள் பேர் எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன்.

லுத்தரன் சபை, 43 குடும்பம். பக்கத்து டவுன்ல இருக்குற பெரிய சபையோட கிளை. ஆயர் டவுன்லதான் இருக்கார், அவர் பொறுப்புல நாலு சபை, அதனால இவங்க ஊருக்கு மாசத்துல ரெண்டு ஞாயிறுதான் வர முடியுது. போன வருஷ தேர்தல்ல இவங்க சபை சங்க செயலாளரா வந்திருக்காங்க, அந்த ஊர்ல அந்த பொறுப்புக்கு வந்த முதல் பெண். பொருளாளர் 19 வருஷமா ஒரே ஆள், வயசு எழுபதை தாண்டினவர், இவங்களுக்கு பெரியப்பா முறை. கணக்கு முழுக்க ஒரு பச்சை அட்டை நோட்டுல, பணம் அவர் வீட்டு பீரோல. இவங்க மினிட்ஸ் புத்தகத்தையும் பேங்க் பாஸ்புக்கையும் வச்சு அஞ்சு வருஷத்துக்கு கூட்டி கழிச்சு பார்த்ததுல 1,80,000 ரூபாய் இடிக்குது. கேட்டதுக்கு "நேத்து வந்த பொண்ணு என்னை கணக்கு கேக்குதா"ன்னு பெரியப்பா எழுந்து போயிட்டார், அதுக்கப்புறம் ரெண்டு ஞாயிறு கோயிலுக்கே வரல.

இதுக்கு நடுவுல ஏழு குடும்பம் வேற ஜெபக்கூட்டத்துக்கு போக ஆரம்பிச்சுட்டாங்க. வாலிபர்கள்ல சிலர் பழைய ஓட்டுக் கோயிலை இடிச்சுட்டு கான்கிரீட்ல கட்டணும்னு நிக்கறாங்க, ஜெர்மனில இருக்குற இவங்க சித்தப்பா பையன் அங்க ஒரு சபையில பணம் சேர்த்து இவங்க அக்கவுண்டுக்கே அனுப்பறேன்னு சொல்லியிருக்கார். இன்னும் சிலர் "தனியா டிரஸ்ட் பதிவு பண்ணிட்டு பிரிஞ்சுடலாம், கோயில் நம்ம தாத்தாமார் கட்டினது, நமக்குத்தான் சொந்தம்"னு சொல்றாங்க. போலீஸ்ல புகார் கொடுக்கலாமா, பிரிஞ்சா கோயில் நமக்கு வருமா, ஆயர் இல்லாத ஞாயிறுல ஆராதனை நடத்தலாமா, பொம்பளைங்கறதாலதான் இவ்வளவு எதிர்ப்பா, இதெல்லாம் இவங்க கேள்வி.

சகோதரி, உங்க கேள்விகளை நீங்க கேட்ட வரிசையில எடுத்துக்கல, எதை தள்ளிப்போட்டா கெடுமோ அதை முதல்ல எடுத்துக்கறேன். நான் வக்கீல், அதோட லுத்தரன் சபையில வளர்ந்தவன், அதனால சட்டத்தை மட்டும் சொல்லிட்டு நிறுத்த எனக்கு மனசு வரல.

போலீசுக்கு முன்னாடி ஏல பாக்கி

அந்த 1,80,000-ஐ நீங்க எப்படி கண்டுபிடிச்சீங்கன்னு கடிதத்துல எழுதியிருக்கீங்க, மினிட்ஸ்ல இருக்குற வரவையும் பேங்க்ல கட்டினதையும் கழிச்சிருக்கீங்க. இங்கதான் நிதானம் வேணும். மினிட்ஸ்ல அறுப்பின் பண்டிகை வரவுன்னு எழுதறது ஏலத்துல கூப்பிட்ட தொகை. ஏலம் எப்படி நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆராதனை முடிஞ்சு வாழைத்தார், நெல் மூட்டை, கோழி, அதிரசத் தட்டு எல்லாம் ஒவ்வொண்ணா தூக்கி காட்டுவாங்க, பாசத்துலயும் போட்டியிலயும் ஒரு தேங்காய் மூவாயிரம் வரைக்கும் ஏறும், எடுத்தவர் "பேர்ல எழுதிக்கோங்க, தை அறுவடை முடிச்சு தரேன்"னு சொல்லிட்டு தேங்காயோட வீட்டுக்கு போயிடுவார். தை வரும், போகும். அந்த வருஷம் மழை நெல்லை சாய்ச்சிருந்தா யார் போய் கேக்கறது? பொருளாளர் கேக்க மாட்டார், ஏன்னா பாக்கி வச்சவங்க எல்லாரும் அவர் சொந்தக்காரங்க, அக்கம்பக்கம். மினிட்ஸ்ல மட்டும் முழு தொகையும் வரவா நிக்கும்.

அதனால 1,80,000-ல எவ்வளவு வராத பணம், எவ்வளவு வந்து செலவானது, எவ்வளவு நிஜமாவே காணோம், இந்த மூணையும் பிரிக்காம யாரையும் குத்தம் சொல்ல முடியாது. செலவுலயும் பாருங்க, கரண்ட் பில், ஆயருக்கு வண்டி செலவு, யாராவது இறந்துட்டா பெட்டி, ஏழை வீட்டு ஆஸ்பத்திரி செலவு, இதையெல்லாம் கையில இருந்து கொடுத்துட்டு ரசீது வாங்காம விட்டிருப்பார். நான் பார்த்த சபை கணக்கு தகராறுகள்ல திருட்டை விட சோம்பலும் கூச்சமும்தான் அதிகம்.

செய்ய வேண்டியது இதுதான். ஆயர் தலைமையில சங்கம் கூடற நாள்ல "பொருளாளருக்கு உதவியா கணக்கை ஒழுங்குபடுத்த ரெண்டு பேர்"னு ஒரு தீர்மானம் போடுங்க. விசாரணைங்கற வார்த்தை தீர்மானத்துல எங்கயும் வரக்கூடாது. அந்த ரெண்டு பேர்ல நீங்க இருக்காதீங்க, கூட்டல் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மதிக்கிற இன்னொருத்தரும் போதும். ஒரு மாசம் டைம் கொடுங்க, அவர் வீட்டுலயே உக்காந்து நோட்டை பாக்கட்டும். பாக்கி வச்சவங்க லிஸ்ட் வந்ததும் வருஷம், பேர், தொகைன்னு எழுதி அவங்கவங்க வீட்டுக்கு மட்டும் தெரியப்படுத்துங்க.

இதெல்லாம் முடிஞ்சும் பெரிய தொகைக்கு பதிலே இல்லன்னா ஆயர் மூலமா எழுத்துல திருச்சபை தலைமை அலுவலகத்துக்கு போங்க, தணிக்கை கேளுங்க. அதுக்கும் அசையலன்னா நம்பிக்கை மோசடின்னு போலீஸ்ல புகார் கொடுக்க வழி இருக்கு, அந்த வழி மூடிடாது. ஆனா இன்னிக்கு நீங்க கையில வச்சிருக்குற ஒரு கழித்தல் கணக்கை மட்டும் வச்சு ஸ்டேஷனுக்கு போனா அங்க சி.எஸ்.ஆர்.னு ஒரு மனு ரசீது மட்டும் போட்டு ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு பேசி அனுப்பிடுவாங்க, ஊர் மட்டும் ரெண்டா பிரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, இதை கெஞ்சி கேட்டுக்கறேன். வாலிபர் வாட்ஸ்அப் குரூப்ல யாரோ அவரை திருடன்னு எழுதினதா சொல்றீங்க, அதை இன்னிக்கே எடுக்க சொல்லுங்க. ஒருத்தர் பேரை கெடுக்குற மாதிரி எழுதினா அவதூறு வழக்குக்கு இடம் இருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு, வாட்ஸ்அப் குரூப்புக்கு அதுல விலக்கு எதுவும் கிடையாது.

நாலு பூட்டு

உண்மையான கோளாறு பெரியப்பாகிட்ட இல்லன்னுதான் எனக்கு படுது. 19 வருஷமா ஒரே ஆள்கிட்ட நோட்டு, பணம், பீரோ சாவி மூணையும் கொடுத்துட்டு 43 குடும்பமும் நிம்மதியா இருந்தாங்க பாருங்க, கோளாறு அங்க இருக்கு. அவர் யோக்கியரா இருந்தாலும் அந்த ஏற்பாடு அவரை காப்பாத்தாது, நாளைக்கு யார் வேணும்னாலும் அவர் மேல சந்தேகப்படலாம், தான் சுத்தம்னு காட்ட அவர்கிட்ட ஒரு காகிதம் இருக்காது.

நம்ம சபைக்கு பேர் தந்த மார்ட்டின் லுத்தர் காலத்துலயே இது வந்திருக்கு. 1523-ல சாக்சனில லைஸ்னிக்னு ஒரு சின்ன ஊர் சபை, கோயில் வருமானம் மொத்தத்தையும் ஒரு பொதுப் பெட்டியில வச்சு போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், ஏழைகள், கட்டட ரிப்பேர் எல்லாத்துக்கும் அதுல இருந்தே செலவு பண்றதுன்னு முடிவு பண்ணாங்க, லுத்தர் அதுக்கு முன்னுரை எழுதி அச்சுல கொண்டு வந்தார். பெட்டியை பாத்துக்க வருஷா வருஷம் பத்து பேர் தேர்ந்தெடுக்கணும், பிரபுக்கள்ல ரெண்டு, நகர சபையில ரெண்டு, டவுன் ஜனங்கள்ல மூணு, சுத்து கிராமத்து விவசாயிங்கள்ல மூணு. பெட்டிக்கு நாலு பூட்டு, ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு சாவி, நாலு தரப்பும் வந்தாத்தான் திறக்கும். கணக்கை மொத்த சபை முன்னாடியும் வைக்கணும். விவசாயி கையில ஒரு சாவின்னு ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதி வச்சிருக்காங்க, நம்ம சபைகள்ல பல இடத்துல இன்னும் அது வரலங்கறது எனக்கு வருத்தம்தான். அங்கயும் உடனே நடந்துடல, நகர சபை பணத்தை ஒப்படைக்க மாட்டேன்னு முரண்டு பிடிச்சுது, லுத்தர் அந்த நாட்டு இளவரசருக்கு கடிதம் எழுத வேண்டி வந்தது.

உங்க ஊருக்கு அதை எப்படி கொண்டு வர்றது? பேங்க் அக்கவுண்ட் சபை பேர்ல இருக்கணும், ரெண்டு கையெழுத்து இல்லாம பணம் வெளிய வரக்கூடாது, அதுக்கு தலைமை அலுவலகத்துல என்ன நடைமுறைன்னு ஆயர்கிட்ட கேட்டு அதன்படி பண்ணுங்க. காணிக்கையை ஆராதனை முடிஞ்ச உடனே கோயிலுக்குள்ளயே ரெண்டு பேர் எண்ணி, புத்தகத்துல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், அந்த ரெண்டு பேர் வாரா வாரம் மாறணும். நம்பர் போட்ட ரசீது புத்தகம் ஒண்ணு அடிச்சுக்கோங்க, பெரிய செலவு இல்ல. மாசத்துல முதல் ஞாயிறு அறிவிப்பு நேரத்துல போன மாச வரவு, செலவு, கையிருப்பு மூணையும் பொருளாளரே வாசிக்கட்டும், அவரே வாசிக்கறதுதான் முக்கியம், அவர் மரியாதை அதுல இருக்கு. இதெல்லாம் முன்னாடியே இருந்திருந்தா உங்களுக்கும் அவருக்கும் இந்த மனக்கசப்பே வந்திருக்காது.

கோயில் யாருக்கு சொந்தம்

தாத்தாமார் கட்டினது, அதனால நம்மளது, பிரிஞ்சாலும் நம்ம கூட வரும்னு நினைக்கறீங்க. இது தப்பான நினைப்பு, இதை நம்பி யாரும் ஒரு அடி எடுத்து வச்சுடக்கூடாது. மிஷன் காலத்து கோயில் நிலங்கள் பெரும்பாலும் மிஷன் பேர்லயோ அதுக்கப்புறம் திருச்சபை பேர்லயோதான் பத்திரத்துல இருக்கும். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது 1919-ல, அதுக்கு முன்னாடி எழுதின பத்திரம்னா மிஷன் பேர் இருக்கும். உழைப்பு உங்க தாத்தாவோடது, செங்கல் சுமந்தது அவர், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அவர் அதை சபைக்குன்னு கொடுத்துட்டார், கொடுத்த பிறகு அது குடும்ப சொத்து ஆகாது. டிரஸ்ட் பதிவு பண்றதுக்கு ஒரு டீடும் கொஞ்சம் செலவும் போதும், யார் வேணும்னாலும் பண்ணலாம், ஆனா அந்த டிரஸ்டுக்குள்ள கோயில் தானா வந்து விழாது. பிரிஞ்சு போறவங்க பொதுவா சொத்தை விட்டுட்டுத்தான் போகணும், இல்லன்னா வருஷக்கணக்கா சிவில் கோர்ட்டு, சொத்தை பாத்துக்க கோர்ட்டு நியமிக்கற ரிசீவர், பூட்டு. கோயில் பூட்டி கிடக்க ரெண்டு தரப்பும் ரோட்டுல நின்னு ஜெபம் பண்றதை நான் பார்த்திருக்கேன், அது உங்க ஊருக்கு வரவே வேண்டாம்.

அதுக்காக கிளைச் சபைக்கு உரிமையே இல்லன்னு அர்த்தம் இல்ல. சந்தா கட்டற உறுப்பினர்னா ஓட்டு, கணக்கு கேக்கற உரிமை, சங்கத்துல பேசற உரிமை எல்லாம் திருச்சபை சட்டதிட்ட புத்தகத்துல இருக்கும், அதோட ஒரு காப்பி கேட்டு வாங்கி முழுசா படிங்க. உள்ள இருக்குற வழிகளை தீர்க்காம கோர்ட்டுக்கு போனா ஜட்ஜ் முதல்ல அதைத்தான் கேப்பார். இப்போதைக்கு நிலத்தோட சர்வே நம்பரை வச்சு பட்டாவும் வில்லங்க சான்றும் எடுத்து பாருங்க, ரெண்டையும் ஆன்லைன்லயே பாக்கலாம். பழைய மூலப்பத்திரத்தோட நகல் தலைமை அலுவலகத்துல இருக்கான்னு எழுத்துல கேளுங்க. பல ஊர்ல கோயில் இடத்தோட ஒரு ஓரத்தை பக்கத்து வயல்காரர் வேலி போட்டு எடுத்திருப்பார், உள்சண்டையில யாரும் அதை கவனிச்சிருக்க மாட்டாங்க.

ஜெர்மனி பணமும் புது கோயிலும்

இதுல உங்களுக்கு நேரடி ஆபத்து இருக்கு, அதனால தெளிவா சொல்றேன். உங்க தம்பி இன்னும் இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்து தன் சொந்த சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா சபைக்கு காணிக்கை அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையா கணக்காகாது. அவர் ஜெர்மன் குடியுரிமை வாங்கிட்டாலோ, அங்க உள்ள சபைக்காரங்க கிட்ட வசூல் பண்ணி அனுப்பினாலோ, அது வெளிநாட்டு நன்கொடை, 2010-ம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை சட்டத்துக்குள்ள வரும். அதை வாங்க மத்திய உள்துறையில பதிவோ முன் அனுமதியோ வேணும், பணம் முதல்ல வந்து சேர வேண்டியது டெல்லில ஸ்டேட் பேங்கோட மெயின் பிராஞ்ச் அக்கவுண்டுக்கு, 2020 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு அமைப்பு வாங்கின அந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாத்தி கொடுக்கவும் முடியாது. உங்க சொந்த சேவிங்ஸ் அக்கவுண்ட்ல அந்த வசூல் பணம் வந்தா நாளைக்கு பதில் சொல்ல வேண்டியது நீங்கதான், சபையும் வராது தம்பியும் வரமாட்டார். அனுப்பறதை நிறுத்தி வைக்க சொல்லி இன்னிக்கே போன் பண்ணுங்க. அவருக்கு நல்ல மனசு, கோவிச்சுக்க மாட்டார்.

அதுவும் தவிர, இடிக்கணுமான்னு யார் முடிவு பண்ணா? உங்க கடிதத்துல கஜா புயல்ல பறந்த ஓட்டை மாத்தினதுக்கு அப்புறம் மழைக்கு ரெண்டு இடத்துல ஒழுகுதுன்னு மட்டும்தான் இருக்கு. 2018-ல அந்த காத்துக்கு நின்ன சுவர் அது. நல்ல இன்ஜினியர் ஒருத்தரை கூட்டிட்டு வந்து உத்தரம், சுவர், அடித்தளம் பாக்க சொல்லி எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க. இடிக்க சொத்துக்காரங்களான திருச்சபையோட எழுத்து அனுமதி வேணும், புதுசா வழிபாட்டு கட்டடம் கட்டறதுக்கு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அனுமதி அலையணும், இதுக்கு நடுவுல பணம் தீர்ந்தா பாதி தூண் நிக்கும், ஆராதனைக்கு ஷெட்டு போடணும். 43 குடும்பத்துல ஏழு போயாச்சு, மிச்சம் 36, அதுல எத்தனை வீட்டு பிள்ளைங்க திருப்பூர்லயும் சென்னையிலயும் இருக்காங்கன்னு எண்ணி பாருங்க. அவ்வளவு பெரிய கோயில்ல யார் உக்காரப் போறாங்கன்னு வாலிபர்களையே கேளுங்க, கோவமா கேக்காதீங்க, நிஜமாவே பதில் தெரிஞ்சுக்க கேளுங்க.

ஆயர் வராத ஞாயிறு

மாசத்துல ரெண்டு ஞாயிறு கோயில் பூட்டியே இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஆயர் இல்லாம ஆராதனை நடத்தினா தப்புன்னு பெரியவங்க சொல்றதாவும் எழுதியிருக்கீங்க. பாதி சரி. லுத்தரன் சபைகளுக்கு அடிப்படையான 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையோட 14-வது பிரிவு, முறையா அழைக்கப்படாத யாரும் சபையில பகிரங்கமா போதிக்கவோ திருவிருந்து, ஞானஸ்நானம் கொடுக்கவோ கூடாதுன்னு சொல்லுது. அதனால திருவிருந்துக்கு ஆயர் வேணும். ஆனா வேதம் வாசிச்சு, ஞானப்பாட்டு பாடி, சங்கீதம் சொல்லி, ஆயர் எழுதி அனுப்பின பிரசங்கத்தை வாசிச்சு, ஜெபம் பண்ணிட்டு போறதை யார் தடுக்க முடியும்? ஆயர்கிட்ட பேசி, அவர் அனுமதியோட நாலஞ்சு பேர் பேரை சபையில அறிவிக்க சொல்லுங்க, அதுதான் அழைப்பு.

நம்ம சபைகள் வளர்ந்ததே அப்படித்தான். ஜெர்மன் மிஷனரிங்க சீகன்பால்குவும் புளுச்சாவும் தரங்கம்பாடில இறங்கினது 1706, முதல் இந்திய புராட்டஸ்டன்ட் குருவா ஆரோன் அபிஷேகம் ஆனது 1733. நடுவுல இருந்த 27 வருஷமும், அதுக்கு அப்புறமும்கூட, கிராமத்து சபைகளை தாங்கினது குருப்பட்டம் இல்லாத உள்ளூர் ஊழியர்களான உபதேசியார்கள்தான். வீட்டு வீட்டுக்கு நடந்து போனது அவங்க, சாவு வீட்டுல உக்காந்தது அவங்க.

போன ஏழு குடும்பத்தை பத்தி இங்கயே சொல்லிடறேன். உபதேசம் சரியில்லன்னு அவங்க போனதா நினைக்கறீங்க. உங்க கடிதத்துலயே ஒரு வரி இருக்கு, அதுல ஒரு வீட்டு அம்மா தஞ்சாவூர் ஆஸ்பத்திரில 11 நாள் படுத்திருந்தப்ப சபையில இருந்து ஒருத்தரும் போகல, அந்த ஜெபக்கூட்டத்துக்காரங்க தினமும் சாப்பாடு கொண்டு போனாங்கன்னு. காரணம் அங்க இருக்கு சகோதரி. அவங்களை திரும்ப கூட்டிட்டு வர்றதுக்குன்னு போகாதீங்க, அந்த அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கறதுக்கு போங்க.

வடக்குத் தெரு, அப்புறம் நீங்க பெண்ணா இருக்கறது

ஒடுக்கப்பட்ட சாதியான வடக்குத் தெரு குடும்பங்கள் யாரும் இதுவரைக்கும் சங்கத்துல இருந்ததில்லன்னு போற போக்குல ஒரு வாக்கியம் எழுதிட்டு நகர்ந்துட்டீங்க. எனக்கு கடிதம் முழுக்க அதுதான் பெரிய விஷயமா தெரியுது. ஆரோனுக்கு அடுத்த குருவா யாரை அபிஷேகம் பண்றதுன்னு தரங்கம்பாடில பேச்சு வந்தப்ப, தஞ்சாவூர் பக்கம் சபையை கட்டி எழுப்பின ராஜநாயக்கன் பேரும் இருந்தது. அவர் ஒடுக்கப்பட்ட சாதிங்கறதால எதிர்ப்பு வரும்னு தள்ளிட்டு தியோகுங்கறவரை தேர்ந்தெடுத்தாங்க. ராஜநாயக்கன் கடைசி வரைக்கும் உபதேசியாராவே உழைச்சுட்டு போனார். அந்த அநியாயத்தை நாம இன்னும் தேர்தல் லிஸ்ட்ல தொடர்ந்துட்டு இருக்கோம். காணிக்கை எண்ணற ரெண்டு பேர்ல ஒருத்தர், ஞாயிறு வேதம் வாசிக்கற நாலு பேர்ல ரெண்டு பேர் அந்த தெருவுல இருந்து வரட்டும், அடுத்த தேர்தல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு ஜாக்கிரதை மட்டும், உறுப்பினர் லிஸ்டை வாட்ஸ்அப்ல போடாதீங்க. 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவங்களானா எஸ்.சி. அந்தஸ்து கிடையாது, அதனால சில குடும்பங்களுக்கு சபை ரெஜிஸ்டர்ல பேர் இருக்கறதே பயமான விஷயம். அது அவங்க மனசாட்சிக்கும் ஆயருக்கும் நடுவுல பேச வேண்டியது, ஊர் பாக்க தொங்கவிடறதுக்கு இல்ல.

பெண்ணுங்கறதால எதிர்ப்பான்னு கேட்டீங்க. ஆமா, கொஞ்சம் இருக்கு, இல்லன்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். ஆனா முழுக்க அது இல்ல, ஒரு வயசானவர்கிட்ட தனியா கேக்க வேண்டியதை கூட்டத்துல கேட்டுட்டீங்க, ஒரு ஆம்பள செயலாளர் கேட்டிருந்தாலும் அவர் எழுந்துதான் போயிருப்பார். பெரியம்மா உங்க மேல பிரியமா இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்களே, ஒரு சாயந்திரம் அவங்க வீட்டுக்கு போய் காபி குடிச்சுட்டு வாங்க. கணக்கு பேச்சே எடுக்காதீங்க. "பெரியப்பா, ஞாயிறு கோயிலுக்கு வாங்க"ன்னு மட்டும் சொல்லுங்க.

இந்த வாரம் மூணு வேலை, மத்தது எல்லாம் அடுத்த மாசம். ஜெர்மனிக்கு போன், வாட்ஸ்அப் மெசேஜை எடுக்க வைக்கறது, ஆயரை நேர்ல பார்த்து ரெண்டு பேர் கமிட்டி பத்தியும் அவர் வராத ஞாயிறு பத்தியும் பேசறது. ஆயர்கிட்ட பேசினதை மினிட்ஸ் புத்தகத்துல தேதி போட்டு எழுதி அவர் கையெழுத்து வாங்கிக்கோங்க. பட்டா நகலும் வில்லங்க சான்றும் கிடைச்சதும் எனக்கு அனுப்புங்க, நிலம் யார் பேர்ல இருக்கு, பரப்பு சரியா இருக்கான்னு பார்த்து எழுதறேன்.